துணைக்குப் போன அப்பா

மாலை நான்கு மணி பத்து நிமிடம். அந்த நேரத்துக்கு எங்கள் முன்னால் ஒரு தீவு இருந்திருக்க வேண்டும். இல்லை.

என் மகன் பாலு மெட்ராசில் விமானம் ஓட்டப் பயின்றவன். வானத்தோடு நின்றிருக்கலாம். சின்னப் பாய்மரப் படகில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தனியாகப் போகப்போவதாகச் சொன்னான். நான் கோவில்பட்டிக்காரன். கண்மாயில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தாலே கரையேறிவிடுவேன். "தனியா எவம்லே கடல்ல போவான்?" என்று சண்டை போட்டு, பக்கத்துத் தீவு வரைக்குமான வெள்ளோட்டத்துக்குத் துணையாக நானே ஏறிக்கொண்டேன். எப்படியாவது அவனைத் தடுப்பதுதான் திட்டம்.

புறப்படும் முன், விமானத்தில் செய்வதுபோல ஒரு பட்டியலை உரக்கப் படித்தான். நான் பதில் சொல்ல வேண்டும்.

"குடிதண்ணி?"

"இருக்கு."

"விசில்?"

"இருக்கு."

"திசைகாட்டிப் பக்கத்துல இரும்பு?"

"இல்லப்பா." (பொய். அதற்கு வருகிறேன்.)

கடலுக்குள் போனதும் மூட்டம் கவிந்தது. சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. சாம்பல் நிறத் தண்ணீர் சத்தமே இல்லாமல் படகைத் தூக்கித் தூக்கி இறக்கியது, கீழே ஏதோ ஒன்று மூச்சு விடுவதுபோல. திடீரென்று எதிரே பனைமரங்கள் வரிசையாக நின்றன.

"அங்கன பாருலே, கரை!"

பாலு திரும்பவே இல்லை. "கண்ணு பொய் சொல்லும்ப்பா. முள்ளைத்தான் நம்பணும்னு எங்களுக்குப் பாடம்."

மறுபடி பார்த்தேன். பனைகள் இல்லை.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தையும் திசையையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தான். தீவு வராததும் தண்ணீரை உற்றுப் பார்த்தான். "அலை தப்பான பக்கத்துலேருந்து வருது. அலையும் முள்ளும் ஒத்துப்போகலேன்னா மொதல்லேருந்து பாக்கணும். பட்டியலை இன்னொரு தடவை படிக்கேன்" என்றான். குரல் உயரவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மூன்றாவது கேள்வி இரும்பு. திசைகாட்டியை ஒட்டி நான் உட்கார்ந்திருந்த சாக்குக்கு அடியிலிருந்து மாட்டு லாடங்களை எடுத்தேன். காத்துக்கருப்பு அண்டாமலிருக்க எங்கள் பக்கத்தில் இரும்பு வைத்துக்கொள்வோம். கடலில் செத்தவர்கள் எத்தனை பேரோ என்று நான் நான்கு லாடமாக வைத்திருந்தேன். (எட்டாம் வகுப்புக்குக் காந்தம் பாடம் நடத்துகிற வாத்தியார் நான்.)

நான்கையும் தண்ணீரில் எறிந்தேன். திசைகாட்டியின் முள், யாரோ மெல்ல முகத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோல, சுற்றி வந்து நின்றது. அத்தனை நேரமும் நடுக்கடலை நோக்கிப் போயிருந்தோம்.

பாலு திட்டவில்லை. நோட்டைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்து, கணக்குப் போட்டு, படகைத் திருப்பினான். நிமிடத்துக்கொரு விசில் ஊதுவது என் வேலை. ஒரு மணி நேரம் ஊதியும் பதிலே வரவில்லை.

கடைசியில் மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு மீன்பிடி வள்ளம் வந்தது. "கரைக்குச் சரியாத்தான வாரீய, பெறகு எதுக்கு விசிலு?" என்றார் அதிலிருந்தவர். அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் அவரிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னதைத்தான், யாருக்காவது துணைக்குப் போக நான் செருப்பை மாட்டினாலே இன்றும் வீட்டில் சொல்லிக் காட்டுகிறார்கள்:

"மவனைத் தனியாவே அனுப்புங்க அண்ணாச்சி. அதான் பத்திரம்."