முப்பத்தொரு ஓட்டு வாங்கிய மென்பொருள்

சிரஞ்சீவி கௌஸ்துபுக்கு, மைசூர் அக்ரஹாரத்திலிருந்து உன் பெரியப்பா ஆழ்வார் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இவ்விடம் க்ஷேமம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

விஷயம் இதுதான். மேல்கோட்டைக் கோவிலில் நான் பண்ணுகிற பாராயணத்துக்கு வர முடியாத உறவுக்காரர்களுக்காக அதை வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பதிவு செய்ய போன ஆடியில் ஆரம்பித்தேனே, அப்போது நீ ஒரு மென்பொருளைச் சொன்னாய். முப்பத்து நாலு வருஷம் புள்ளிவிவரத் துறையில் இருந்தவன் ஒரே ஒரு ஆள் பேச்சைக் கேட்பேனா? எதற்கு ஜனங்களிடம் செல்வாக்கு என்று நாற்பது பேரிடம் சர்வே எடுத்தேன். பாட்டு டீச்சர் மோகனப்ரியா, ஜெராக்ஸ் கடை சீனிவாசன், பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரர், ஒருத்தரையும் விடவில்லை. காப்பிப்பொடிக் கடைக்காரர் ரிங்டோன் என்று நினைத்து ஓட்டுப் போட்டார், அதையும் சேர்த்துக்கொண்டேன். "எல்லாரும் அதே ஸார், மத்ததெல்லாம் வேஸ்ட்டு" என்றான் சீனிவாசன். அவன் காட்டிய வேறொரு மென்பொருளுக்கு முப்பத்தொரு ஓட்டு. நீ சொன்னதற்கு ஒண்ணே ஒண்ணு, அதுவும் நீ போட்டது. சர்வே நடக்கும்போது உன்னுடையதில் ஒரு நாள் சோதனைக்குப் பதிந்ததோடு சரி.

முதலிடம் வந்ததில் இரைச்சலை நீக்க ஒரு பொத்தான் உண்டு. நான் கூடத்தில் பாராயணம் சேவிக்கும்போது உன் பெரியம்மா லக்ஷ்மம்மா அடுக்களையில் தளிகை பண்ணிக்கொண்டே ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். பாராயணத்தின் நடுவில் வேறு பேச்சுப் பேசக்கூடாதே, சும்மா இரு என்று கையைக் காட்டுவேன். அப்புறம் பொத்தானை அமுக்கினால் குக்கர் விசில், தெரு ஸ்கூட்டர், அவள் எல்லாம் போய்விடும். நூற்றெட்டுப் பதிவையும் இப்படியே துடைத்து வைத்தேன். ஐப்பசியில் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. "முன்னாடி ஏதாவது சொன்னாங்களா?" என்று டாக்டர் கேட்டார். ஒரு வார்த்தை சொல்லலை ஸார், சொல்லாமலே போயிட்டா என்றேன்.

இப்போ அவ குரலைக் கேக்கணும்போல இருக்குடா. வேற எங்கயும் இல்லை. நூத்தெட்டுலயும் நான் மட்டும்தான் கத்திண்டிருக்கேன். அழித்தது திரும்ப வராது என்று மோகனப்ரியா சொல்லிவிட்டாள். ஆகையால் அந்தப் பாழாய்ப்போன பொத்தானை வைத்தவர்களுக்கு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இங்கிலீஷில் ஒரு புகார் எழுதிக்கொடு.

உன் அகமுடையாள் ஸஞ்சனாவுக்கும் ஆசீர்வாதம். இருவரும் நூறு வயசு சேர்ந்திருக்கப் பெருமாள் அனுக்கிரகிக்கட்டும்.

ஆழ்வார்

பி.கு.: உறையை ஒட்டுமுன் நீ சொன்ன மென்பொருளைத் திறந்து பார்த்தேன். சோதனைக்குப் பதிந்தது அப்படியே இருக்கிறது. நான் சேவிக்கிறேன், நடுவில் அவள்: "ஏன்னா, ஊர்ல எல்லாரையும் கேக்கறேளே, நாலு நாளா நெஞ்சை அடைக்கறதுன்னு சொல்றேன், காதுல விழறதா?" அப்புறம் அவள் சத்தமில்லை. கையைக் காட்டியிருப்பேன். புகார் எழுத வேண்டாம்.