அஞ்சு புள்ளி மூணு

டியூன் போட்டவர் என்று ஓர் இனம் நம் பக்கத்தில் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கிறது. துடியலூரில் நாலைந்து பேர், காந்திபுரத்தில் கணக்கில்லை, எங்கள் சூலூரில் தெருவுக்கு ஒருவர். நீங்கள் தேடிப் போக வேண்டாம், அவரே வருவார். வந்தவர் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் வண்டி லிட்டருக்கு எத்தனை கொடுக்கிறது என்று கேட்பார். நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் உச்சுக் கொட்டுவார். அந்த உச்சுக்காகத்தான் கேட்டதே.

நான் எடைமேடை வைத்திருப்பவன். லாரி ஏறி நிற்கும், எடை பார்ப்பேன், சீட்டுக் கொடுப்பேன். இருபது வருஷமாக இந்த மேடையில் மைலேஜ் கூடாத லாரியை நான் கண்டதில்லை. டீசலில் கரைக்கும் மாத்திரை வந்தது, மைலேஜ் கூடியது. குழாயில் மாட்டும் காந்தம் வந்தது, கூடியது. சக்கரத்துக்கு ஏதோ காற்று அடித்தார்கள், அதிலும் கூடியது. இவர்கள் சொன்னதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் எங்கள் ஊர் லாரிகள் இந்நேரம் டீசலே இல்லாமல் ஓட வேண்டும். பங்கில் ஏன் இன்னமும் வரிசை நிற்கிறது என்றுதான் தெரியவில்லை.

இப்போது வந்திருப்பது டியூன். புது லாரிகளில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டு எந்த மிதிக்கு எவ்வளவு டீசல் என்று முடிவு செய்கிறது. லேப்டாப்பை மாட்டி அந்தக் கணக்கை மாற்றி எழுதுவதுதான் டியூன். எங்கள் கதிர்வேல் இதைக் கேள்விப்பட்டார். அவருக்கு ஒரே லாரி, பத்துச் சக்கரம். கோழித்தீவனம் ஏற்றிக்கொண்டு திருச்சூர் போய் வரும். பதினோரு வருஷமாக அவருக்கு ஓட்டுவது சாமுவேல். லாரி மாறியிருக்கிறது, டிரைவர் மாறவில்லை. லோடோடு லிட்டருக்கு நாலு புள்ளி ஆறு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி அது.

துடியலூரில் ரூபன் என்கிற பையனிடம் போனார். நானும் கூடப் போனேன். அங்கே நடந்த பேச்சுவார்த்தை இவ்வளவுதான்.

"ஏனுங்க தம்பி, பவரு கூடுங்களா?"

"கூடுமுங்ண்ணா."

"மைலேஜு?"

"அதுவும் கூடுமுங்ண்ணா. ஆனா கூடுன பவர மிதிக்காம ஓட்டோணும். ரெண்டும் ஒரே நேரத்துல வராதுங்க. இன்னொண்ணு, டேஷ்போர்டுல காட்டற மைலேஜ நம்பீராதீங்க. டேங்க்க ரொப்பி ரொப்பிப் பாருங்க."

ரூபன் நேர்மையானவர்தான், உள்ளதைச் சொன்னார். ஆனால் டியூன் போட்டவரின் காது விசேஷமான காது. இரண்டு 'கூடும்' மட்டும் உள்ளே போயின, மிச்சமெல்லாம் அந்தப் பட்டறைத் தரையிலேயே கிடந்தன. காசு கொடுத்துப் பவரை வாங்கி அதைத் தொடாமல் ஓட்ட வேண்டும் என்றால், ஷோகேஸில் வைத்த கண்ணாடிக் கோப்பையில் என்றைக்குத்தான் காபி குடிப்பது?

பவர் கூடியது, பொய் சொல்லக் கூடாது. திருச்சூர் வழியிலுள்ள குதிரான் ஏற்றத்தில் முனகி முனகி ஏறிய வண்டி இப்போது ஒரு கியர் மேலேயே ஏறுகிறது என்று சாமுவேலே சொன்னார். கதிர்வேலுக்கு அது போதவில்லை. தினமும் என் எடைமேடையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, கோயில் மணி கேட்பவர் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்.

"சத்தம் மாறிப்போச்சு, கேக்குதுங்களா?"

எனக்கு நேற்றுக் கேட்ட அதே சத்தம்தான் கேட்டது. ஆனால் நம் ஊரில் ஒரு மனிதர் ஆசையாகக் கேட்கும்போது இல்லை என்று சொல்லும் பழக்கம் உண்டா?

"கேக்குதுங்க, நல்லாவே கேக்குதுங்க" என்றேன்.

டீக்கடைக்காரரும் கேட்குதுங்க என்றார். காது மந்தமான வாட்ச்மேன் காளிச்சாமியும் கேட்குதுங்க என்றார். இப்படி ஆளுக்கொரு 'ங்க' போட்டு நாங்கள்தான் அந்த டியூனைப் பாதி செய்து முடித்தோம்.

மூன்றாம் நாள் டேஷ்போர்டில் ஐந்து புள்ளி மூன்று என்று வந்தது. கதிர்வேல் அதைப் போட்டோ எடுத்து லாரி உரிமையாளர்கள் குழுவில் போட்டார். மச்சானுக்கு அனுப்பினார், மச்சானின் சம்பந்திக்கு அனுப்பினார், மகள் லோகப்பிரியாவின் கல்லூரி ஆசிரியருக்கும் தவறிப் போய்விட்டது. அவரும் வாழ்த்துகள் என்று பதில் போட்டிருந்தார்.

பங்கில் மட்டும் பிடிக்கும் டீசல் பழைய அளவுக்குக் குறையவில்லை. டேங்க்கை ரொப்பி ரொப்பிப் பார்த்தால் நாலு புள்ளி ஐந்து. இதில் அதிசயம் என்ன இருக்கிறது? டீசலை ஊற்றுவதும் அந்தக் கம்ப்யூட்டர்தான், எவ்வளவு ஊற்றினேன் என்று தானே கணக்குப் போட்டு டேஷ்போர்டில் காட்டுவதும் அதுதான். ஊற்றும் கணக்கை லேப்டாப் மாற்றிவிட்டது, காட்டும் கணக்குக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. ரூபன் படித்துப் படித்துச் சொன்னது இதைத்தான். கதிர்வேலின் புத்தியோ வேறு வழியில் போனது. மீட்டர் ஐந்து புள்ளி மூன்று என்கிறது. டேங்க் நாலு புள்ளி ஐந்து என்கிறது. மீட்டர் பொய் சொல்லாது. அப்படியானால் நடுவில் இருக்கும் டீசல் எங்கே போயிற்று?

நடுவில் இருந்தது சாமுவேல்.

எங்கள் ஊர்க் கோபத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் கோபம் வந்தால் மரியாதை குறையும். இங்கே கூடும். பதினோரு வருஷமாக "ஏப்பா சாமுவேலு, வண்டிய எடு" என்று பேசியவர், அன்று என் எடைமேடையில் எல்லோர் முன்னாலும் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க சாமுவேல், வர்ற வழீல எங்கயாச்சும் வண்டிய நிறுத்துனீங்களாங்க?"

சாமுவேலுக்குப் புரிந்துவிட்டது. வழியில் டீசலை இறக்கி விற்றாயா என்பதற்கு எங்கள் ஊர் மரியாதைத் தமிழ் அது. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"டீ குடிக்க வாளையாறுல நிறுத்துனனுங்ண்ணா" என்றார்.

அவருக்காக நான் பேசியிருக்கலாம். அந்த மனிதர் ஒரு சொட்டு எடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். டேஷ்போர்டை நம்பாதே என்று ரூபன் சொன்னதும் என் காதில் விழுந்ததுதான். எடைச்சீட்டைக் கிழிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு குனிந்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கதிர்வேல் துப்பறியப் புறப்பட்டார். டேங்க் மூடிக்குப் பூட்டு வாங்கினார், சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். சாமுவேலை வீட்டிலிருக்கச் சொல்லிவிட்டுத் தானே திருச்சூருக்கு ஓட்டிப் போனார். போன வழியெல்லாம் புதுப் பவரை மிதித்துப் பார்த்தார். ஏற்றத்தில் கார்களை முந்தியதைப் போனில் எனக்கு நேரடி வர்ணனையாகச் சொன்னார். திரும்பி வந்து டேங்க்கை ரொப்பினோம். மூன்று புள்ளி ஒன்பது.

பூட்டு அப்படியே இருந்தது. சாவி இடுப்பில் இருந்தது. ஓட்டியவர் ஒரே ஆள். திருடன் யார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும் இல்லையா?

"பங்க்காரன் அளவுல ஏமாத்தறானுங்க" என்றார் கதிர்வேல்.

சாமுவேலிடம் மன்னிப்புக் கேட்டாரா என்கிறீர்களா? கேட்டார், எங்கள் ஊர் முறைப்படி. மறுநாள் எடைமேடையில் அவரைப் பார்த்து, "சாப்டாச்சா சாமுவேலு?" என்றார். 'ங்க' போயிருந்தது, பழைய பிரியம் திரும்பியிருந்தது. ஆனால் சாமுவேல், "ஆச்சுங்ண்ணா" என்று சொல்லி, தன்னிடமிருந்த லாரிச் சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டு, டவுன் பஸ் ஏறிப் போய்விட்டார்.

ஆறு மாதம் கழித்து ஒரு காலையில் என் எடைமேடையில் இரண்டு லாரிகள் அடுத்தடுத்து நின்றன. ஒன்று கதிர்வேலுடையது. புது டிரைவர், மூன்று புள்ளி எட்டு. இன்னொன்று ஒண்டிப்புதூர் பாக்கியசாமியின் பழைய வண்டி, லேப்டாப்பைக் கண்ணால்கூடப் பார்க்காதது. அதிலிருந்து இறங்கியவர் சாமுவேல்.

கதிர்வேல் கேட்காமல் இருப்பாரா? "லிட்டருக்கு எத்தன குடுக்குது?"

"நாலு ஆறு குடுக்குதுங்ண்ணா."

கதிர்வேல் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். சாமுவேலின் தோளில் கைபோட்டு ஓரமாக அக்கட்டால கூட்டிக்கொண்டு போனார்.

"எங்க டியூன் போட்ட? எங்கிட்ட மட்டும் சொல்லு, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

இந்தத் தடவை நான் குனியவில்லை. "கதிர்வேலண்ணா, அந்த டியூனு பதினோரு வருஷம் உங்க வண்டீலதானுங்க உக்காந்திருந்துச்சு. நீங்கதான் பஸ் ஏத்தி உட்டுப்போட்டீங்க" என்றேன்.

கதிர்வேல் ஒரு நிமிஷம் சாமுவேலின் கால்களைப் பார்த்தார், அந்தப் பழைய ரப்பர் செருப்பைப் பார்த்தார். எனக்குக்கூட நம்பிக்கை வந்துவிட்டது.

"ஆமாங்க, ஆமாங்க" என்றார் பணிவாக. மறுநாள் ரூபனிடம் போய் டியூனுக்கு மேல் இன்னொரு டியூன் போட்டுக்கொண்டு வந்தார்.

சிரியுங்கள். உங்களிடம்தான் லாரி இல்லையே! கேஸ் மிச்சமாகும் என்று புது அடுப்பு வாங்கினீர்கள். சிலிண்டர் பழையபடி அத்தனை நாளில்தான் தீர்ந்தது. அப்போது அடுப்பைப் பார்த்தீர்களா, சமைத்தவரின் முகத்தைப் பார்த்தீர்களா? பிள்ளைக்குப் பெரிய கோச்சிங்கில் பணத்தைக் கட்டினீர்கள். மார்க் நகரவில்லை. யாரிடம் வழியில் எங்கே நின்றாய் என்று கேட்டீர்கள்? அந்தக் கேள்வியில் வழக்கத்தைவிட மரியாதை கொஞ்சம் தூக்கலாக இருந்ததா?

இருந்ததென்றால், ஏனுங்க, உங்க வண்டி லிட்டருக்கு எத்தனைங்க குடுக்குது?