திங்கட்கிழமை எழாத எடைமேடை

எடைமேடைக் கம்ப்யூட்டர் இந்தத் திங்கட்கிழமையும் எழுந்திருக்கவில்லை. கம்பைநல்லூர் மாங்கூழ் ஆலை வாசலில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. டிரைவர்கள் ஆரோக்கிய பிரவீனின் பரம்பரையையே விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாராவாரம் இதே கூத்தா இருக்குது பிரவீன்," என்றான் முதலாளி மகன் சரத். "அடுத்த வாரமும் இப்படின்னா நீங்க வேற வேல பாத்துக்கலாம்."

பெங்களூரில் ஆட்குறைப்பு என்று துரத்திவிட்ட பிறகு, அம்மா முகத்தில் விழிக்கக் கூசிக்கிடந்த பிரவீனுக்குக் கிடைத்தது இந்த ஆலையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் வேலை. இதுவும் போனால் ஊரில் தலைகாட்ட முடியாது.

வில்லங்கம் சர்வீஸ் மேனேஜர் என்ற மென்பொருளில்தான் இருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் எந்தப் புரோகிராம் முதலில் ஓட வேண்டும், எது அடுத்தது என்று பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதில் யார் வேண்டுமானாலும் புதிதாக ஒன்றைச் செருகலாம். ஆலைக்கு வந்துபோன அத்தனை பேரும் செருகியிருந்தார்கள்.

ஞாயிறு முழுக்க அணைந்து கிடப்பதால் வரும் கோளாறு என்று முடிவுகட்டினான் பிரவீன். எல்லாம் சற்றுப் பொறுத்து ஓடும்படி மாற்றினான். கம்ப்யூட்டர் திறக்கும் வாசல் கேட்டும் பொறுத்துக்கொண்டது, திறக்கவில்லை. புரோகிராம்களின் வரிசையை மாற்றினான். கேட் திறந்தது, பிரிண்டர் வெற்றுத் தாளாகத் துப்பியது.

"பேப்பர் கட்டே தீந்துபோச்சுங்க சார்," என்றாள் பில் போடும் ஜெயபிரியா.

"கொஞ்சம் சும்மா இரு தாயி."

வெயில் ஏறியதும் எல்லாம் ஓடியது. தான் கடைசியாகத் தட்டிய பட்டன்தான் காரணம் என்று நம்பிக்கொண்டான், பாவம்.

ஆனாலும் பயம் விடவில்லை. வாரம் முழுக்க ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். பெயரில்லாத ஒரு சின்னப் புரோகிராம், கம்ப்யூட்டரைப் போட்டதும் கிழமையையும் மணியையும் பார்த்துவிட்டு மற்றதையெல்லாம் தடுத்துக்கொண்டிருந்தது. எவனோ அரைகுறை எழுதியது என்று திட்டியபடியே அதை அழித்தான்.

அடுத்த திங்கள், எட்டு மணிக்கே முதல் லாரி எடை ஏறியது. சரத் தோளில் தட்டிக்கொடுத்தான். பிரவீனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சற்று நேரத்தில் முதலாளி சந்திரமோகன் காரைவிட்டு இறங்கினார். உள்ளே நின்ற லாரிகளைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"ராகு காலத்துல எடை போட வெச்சது யாருடா?"

சரத் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பிரவீன்தாம்பா."

"நாளைலருந்து வர வேண்டாம்னு சொல்லிரு."

பிரவீன் பையை எடுக்க வந்தான். "அது ராகு காலத்துக்குன்னு போட்டதுன்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா," என்றான் ஜெயபிரியாவிடம்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "தெரிஞ்சவங்க யாரும் பெரியவருக்குப் பயந்து அதுல கை வெக்கலிங்க சார். ராகு காலம் பாக்காத, சர்ச்சுக்குப் போற வேதக்கார ஆளா வேணும்னுதாங்க சரத் சாரு உங்கள வேலைக்கே எடுத்தாரு."