உள்மரைப் பரீட்சை

மூன்றாவது நட்டிலும் அளவு பார்க்கும் கேஜ் உள்ளே போவேனா என்று அடம் பிடித்தது.

கடைசல்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. புது ஃபேக்டரியில் இன்று அவருக்குப் பரீட்சை. ஆறு இரும்பு வளையங்களைக் கொடுத்து, லேத்தில் உள்மரை வெட்டி, சாயங்காலத்துக்குள் ஐந்து நட்டாவது சரியாகத் தரச் சொல்லியிருந்தார்கள். தந்தால் வேலை. இல்லாவிட்டால் பழையபடி மச்சானின் பட்டறைதான்.

அந்தப் பட்டறையில் பன்னிரண்டு வருஷமாக அவர் கேஜைக் கண்ணால் கண்டதில்லை. போல்ட்டைப் போட்டுப் பார்ப்பார்கள். இறங்கினால் சரி, அவ்வளவுதான். இங்கே மேசை டிராயரில் பளபளவென்று ஒரு கேஜ் கிடந்தது. மரை வெட்டின குச்சிதானே, இதைப் போய் யாரிடமாவது கேட்டால் மானம் என்னத்துக்கு ஆகும் என்று தானே எடுத்துக்கொண்டார்.

ஃபோன் அடித்தது. மனைவி.

"என்னங்க, முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான்."

"அண்ணன் பக்கத்துலதான் இருக்காரு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

"என்ன மாப்ளே, இறங்குதா?"

"இறங்காம? வழுக்கிக்கிட்டுப் போகுது மச்சான்!"

"நம்ம லேத்தைத் தொடைச்சு வெச்சிருக்கேன். எப்ப வேணா வாங்க."

அடப்பாவி மனுஷா! கடைசல்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது நட்டையும், லேத்தில் சீவி விழும் இரும்புச் சுருளைப் போடும் தொட்டியில் விட்டெறிந்தார்.

கருவி மொட்டை என்று நினைத்தார், தீட்டினார். நான்காவது நட்டில் கேஜ் முன்னைவிட மோசமாக முரண்டு பிடித்தது. பிசிர்தான் காரணம் என்று ஐந்தாவதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பார்த்தார். அரைச் சுற்று போய் இறுகிக்கொண்டது. அதைத் திருகிக் கழற்றுவதற்குள் விரல் தோல் உரிந்துவிட்டது. அதுவும் தொட்டிக்கே போனது. சுருள் அள்ள வந்த அக்கா தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

வரைபடத்தில் சொன்ன ஆழத்துக்கு மேல் ஒரு மயிரிழைகூட வெட்ட அவருக்கு மனசு வராது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வெட்டியதில்லை. ஆனால் மிஞ்சியிருந்தது ஒரே வளையம்.

"மன்னிச்சிரு சாமி," என்று லேத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ஆறாவதில் அளவைத் தாண்டி வெட்டினார்.

கேஜ் சர்ரென்று உள்ளே போனது.

ஒன்றாவது தேறியதே! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இதைக் காட்டி, காலில் விழுந்தாவது இன்னொரு நாள் கேட்போம் என்று அந்த நட்டைக் கேஜோடு தூக்கிக்கொண்டு சூப்பர்வைசர் அறைக்கு ஓடினார்.

வாசலில், ஃபேக்டரி முழுக்கச் சுருள் அள்ளும் அந்த அக்கா காலித் தொட்டியோடு எதிரே வந்தார்.

"எங்க தம்பி இந்த ஓட்டம்?"

"நட்டு அக்கா! கேஜ் உள்ளே போயிருச்சு! சார்கிட்ட காட்டணும்!"

அக்கா கேஜையும் பார்த்தார், நட்டையும் பார்த்தார். பிறகு அந்த நட்டை வெடுக்கென்று பிடுங்கித் தொட்டியில் போட்டார்.

"ஐயோ தம்பி, இது மரை பெருசாயிடுச்சான்னு பாக்குற, உள்ளே போகவே கூடாத கேஜு, போனா நட்டு வேஸ்ட்டு, நீங்க தூக்கிப் போட்ட அஞ்சையும் சார் என் தொட்டியிலேருந்து பொறுக்கி பாஸ் பண்ணிட்டாரு, நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வேலைக்கு வந்துருங்க!"