ஒரே புத்தகம், பத்து வீடு

பரீட்சை வைத்துப் பெண்கள் பத்திரிகை கொடுத்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே எங்கள் ராஜபாளையத்து சர்க்குலேஷன் அண்ணாச்சிதான். அவருடைய பெயரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் திருப்பி நாலு கேள்வி கேட்டிருப்பார்.

எண்பதுகளில் எங்கள் தெருவில் பத்து வீட்டுக்கு ஒரே புத்தகம். வீட்டுக்கு மூன்று நாள் என்று சைக்கிளில் சுற்றுக்கு விடுவார். மூன்றாம் நாள் அந்த வீட்டு வாசலில் மணி அடிக்கும்.

"தொடர்கதை படிச்சியளா தாயி? அந்தப் பிள்ள மெட்ராஸ்ல யாரு வீட்டுல போயி எறங்குச்சு?"

"அடுப்புல பால் கெடக்கு அண்ணாச்சி..."

"அப்ப படிக்கல. இன்னொரு நாள் வச்சுக்கிடுங்க. பொறவு வாரேன்."

புத்தகத்துக்குக் காத்திருக்கும் அடுத்த வீட்டுக்காரி அன்றைக்குப் பால் காய்ச்சியவளோடு பேசமாட்டாள்.

தொண்ணூறுகளில் பத்திரிகையின் அட்டை பளபளத்தது. ஒரு மாதம் அதில் ஷாம்பு பாக்கெட் ஒட்டி வந்தது. பத்து வீட்டுக்கு ஒரு பாக்கெட்! அண்ணாச்சி அசரவில்லை. பாட்டிலில் ஊற்றித் தண்ணீர் கலந்து, வீட்டுக்கு ஒரு மூடி கொடுத்தார். கடைசி வீடான எங்களுக்கு நுரைதான் வந்தது.

பிறகு வீட்டுக்கு வீடு டிவி வந்தது. ஏழு வீடு கழன்றுகொண்டது. ஒரு சாயங்காலம் அண்ணாச்சி தொங்கிய முகத்தோடு வந்து நின்றார்.

"பத்து வீடு சேரலைன்னா இந்தத் தெருவுக்குப் புக்கு கெடையாதுன்னு, சுற்றுக்குப் புக்கு குடுக்குற ஸ்ரீவில்லிபுத்தூர் ஏஜெண்டு சொல்லிட்டாரு தாயி."

எனக்குப் பாவமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. டிவி நாடகம் பாதியில் நிற்க, தெருவே வாசலுக்கு வந்தது. அண்ணாச்சி சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். இந்த மாதத் தொடர்கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மாமியாராக முறைத்தார், மருமகளாக விசும்பினார். கதாநாயகி பெட்டியோடு படியிறங்கும் இடத்தில் நிறுத்திவிட்டார்.

"ஐயோ, பொறவு என்னாச்சு அண்ணாச்சி?"

"அடுத்த மாசம் சொல்லுதேன். மொதல்ல வீடு சேருங்க."

ஏழு வீடும் சேர்ந்தது.

அந்த மாதப் புத்தகம் என் முறைக்கு வந்ததும் ஆசையாகப் புரட்டினேன். தொடர்கதையே இல்லை! பத்திரிகைக்காரர்கள் அதை நிறுத்திவிட்டு, அந்தப் பக்கத்தில் முகத்துக்குக் கடலைமாவு பூசச் சொல்லியிருந்தார்கள். மணிச்சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"கதை எங்க அண்ணாச்சி?"

தலையைச் சொறிந்தார். "அவிய நிறுத்திட்டாவ தாயி. நானே வாய்க்கு வந்ததச் சொன்னேன். யார்ட்டயும் சொல்லிராதீய."

நான் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. எனக்கு முன்னால் ஒன்பது வீடும் அதே புத்தகத்தைப் புரட்டித்தானே அனுப்பியிருக்கிறது? ஒருத்திகூட மூச்சுவிடவில்லை, ஒரு வீடுகூடக் கழன்றுகொள்ளவில்லை. புத்தகத்தில் என்ன இருந்தால் எங்களுக்கென்ன, மாசம் பிறந்தால் அண்ணாச்சி வரவேண்டும், அவ்வளவுதான்.