இரண்டாவது சாவி

வண்டிக்கு அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். பல் டாக்டர் பிரேக்கை மிதித்துத் திரும்பிப் பார்த்தார். நடுரோட்டில் தலையணை அகலத்துக்குக் கறுப்பாக ஏதோ கிடந்தது.

ஓடிப்போய் எடுத்தார். நாலு மூலையிலும் ஸ்க்ரூ துளையுள்ள பிளாஸ்டிக் மூடி. சேற்றைத் துடைத்துவிட்டு வண்டியின் வயிற்றைக் குனிந்து பார்த்தார். முன் சக்கரத்துக்குப் பின்னால் அதே அளவுக்கு ஓர் இடம் மூடியில்லாமல் ஓவென்று இருந்தது.

"போச்சுடா!" என்றார்.

அது அவருடைய மனைவியின் எலெக்ட்ரிக் கார். மனைவி பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை. எழுநூறு பிள்ளைகளைப் புருவத்தாலேயே அடக்குகிறவள். கார் வாங்கி எட்டு மாதமாகியும் கணவரை ஸ்டியரிங் பக்கம் அண்டவிட்டதில்லை. இரண்டாவது சாவி பீரோவில் பூட்டியே கிடந்தது. அவரும் கேட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தார். பேசாமல் இருந்தது அவளுக்கு நிம்மதியாக இருந்ததே தவிர, சாவி வரவில்லை.

இன்று காலை என்ன தோன்றியதோ, அவளாகவே எடுத்து நீட்டினாள்.

"இன்னிக்கு நீங்களே ஓட்டிட்டுப் போங்க. பத்திரமா கொண்டு வந்தா சாவி உங்களுக்கே. ஏதாவது ஆச்சு, அப்புறம் ஆயுசுக்கும் பஸ்தான்!"

பதினெட்டு வருஷமாகப் பஸ்ஸில் நின்றுகொண்டே போன மனுஷர். சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தச் சாவிக்கு முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆயுசு இல்லையா?

அந்தக் கார் கம்பெனிக்கு ஊரில் ஒரே ஒரு சர்வீஸ் சென்டர்தான். அங்கே போனால் அடுத்த நிமிஷம் மனைவியின் போனுக்குத் தகவல் போய்விடும். எனவே அவர் தன் பையைத் திறந்தார். பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற நூல் ஒரு டப்பா இருந்தது. ரோட்டோரம் மல்லாந்து படுத்து, மூடியை அந்த நூலால் இழுத்துக் கட்டினார்.

நூறு அடி போவதற்குள் ஒரு மூலை அவிழ்ந்து தரையில் உரசியது. எலெக்ட்ரிக் வண்டிக்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாதா, இந்தக் 'கரகர' தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"சார், என்னத்தையோ இழுத்துட்டுப் போறீங்க!" என்று சைக்கிள்காரர் ஒருவர் கத்தினார்.

"தெரியும், தெரியும்!" என்று பல்லைக் கடித்தபடி கிளினிக் போய்ச் சேர்ந்தார்.

"கம்பெனிக்கு ஒரு போன் போட்டுடலாமே டாக்டர்?" என்றாள் நர்ஸ்.

"வாய்க்குள்ள எச்சில் நடுவுலயே பல்லை ஒட்டறோம். காய்ஞ்ச பிளாஸ்டிக் ஒட்டாதா? அந்தச் சிமெண்டைக் கொண்டு வாம்மா!"

ஆறு மாதத்துக்கு வாங்கி வைத்திருந்த பல் சிமெண்ட் பூராவும் கரைந்தது. வெள்ளைக் கோட்டோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். நர்ஸ் டார்ச் அடித்தாள். "இன்னும் கொஞ்சம் பெருசாத் திறங்க," என்று பழக்க தோஷத்தில் காரிடம் சொல்லிக்கொண்டே மூடியை ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடித்தார். கல் மாதிரி பிடித்துக்கொண்டது.

"பேஷண்ட் காத்திருக்காங்க டாக்டர். வெளியே வாங்க."

"நான் வந்துடுவேன். கோட்டுதான் வராது போலிருக்கு."

கோட்டின் வலது கை மூடிக்குள் சிக்கிச் சிமெண்டோடு ஒட்டியிருந்தது. நர்ஸ் கொண்டுவந்த குட்டிக் கத்தரி, துணியைக் கவ்விக்கொண்டு நின்றதே தவிர வெட்டவில்லை. அவர் கோட்டிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்து, மிச்சத்தைச் சுருட்டி மேலே எங்கேயோ செருகினார். நாலு மணிக்கு மனைவி வீடு திரும்புவதற்குள் வண்டி வீட்டில் இருக்க வேண்டும். பேஷண்டுகளை அவசரமாக அனுப்பிவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினார்.

இரண்டாவது சிக்னலில் கோட்டு அவிழ்ந்து தொங்கியது. ஒரு கை ரோட்டில் தேய்ந்துகொண்டே வந்தது.

"ஐயையோ! டாக்டர் மேல காரை ஏத்திட்டான்!" என்று பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் அலறினாள்.

விசில் பறந்தது. போக்குவரத்துப் போலீஸ்காரர் குறுக்கே வந்து நின்றார்.

"இறங்குங்க சார். அடியில யாரு?"

"யாரும் இல்லைங்க. அது டாக்டர் கோட்டு."

"டாக்டர் எங்கே?"

"நான்தான்."

"அடியில இருக்கிறவர் நீங்கன்னா, இங்க நிக்கறது யாரு?"

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. நல்ல மனசுக்காரர் ஒருவர் மண்டியிட்டு, தொங்கிய கோட்டுக் கையைப் பிடித்து நாடி பார்த்தார். "ஒண்ணுமே தெரியலையே," என்று கண் கலங்கினார்.

"வண்டியைத் தூக்கிப் பார்த்தாத்தான் நம்புவேன்," என்று போலீஸ்காரர் ஒற்றைக்காலில் நின்றார். இழுவை லாரி வந்தது. அது நேராகப் போன இடம், காலையிலிருந்து டாக்டர் எதற்குப் பயந்தாரோ அதே சர்வீஸ் சென்டர்.

லாரியில் போலீஸ்காரருக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டாக்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வலியை மறைத்து மறைத்து வைத்துவிட்டுக் கடைசியில் வருகிற பேஷண்டுகளை அவர் திட்டாத நாளில்லை. இன்று அவரே செய்திருப்பது என்ன? சாவி போனால் போகட்டும் என்று துணிந்து போனை எடுத்தார்.

"ஏம்மா, ரோட்டுல கிடந்த எதுமேலயோ ஏத்திட்டேன். உன் வண்டியோட அடிமூடி விழுந்துடுச்சு. நானே ஒட்டப் போய் இன்னும் கெடுத்துட்டேன். உன்கிட்ட மறைக்கப் பார்த்தது அதைவிடத் தப்பு. சாவியைத் திருப்பித் தந்துடறேன்."

மனைவி உடனே கேட்டாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லை."

"அது போதுங்க. ரோட்டுல எவனோ எதையோ போட்டுட்டுப் போனா நீங்க என்ன பண்ணுவீங்க? சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். இனிமே ஆளுக்கொரு நாள் ஓட்டலாம்."

இப்படிப்பட்டவளைப் பார்த்தா காலையிலிருந்து பயந்தோம் என்று டாக்டருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"குடுத்து வச்சவர் சார் நீங்க," என்றார் போலீஸ்காரர். அவர் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

சர்வீஸ் சென்டரில் வண்டியை மேலே தூக்கினார்கள். கோட்டுக்குள் யாரும் இல்லை என்று பார்த்துத் திருப்தியாகிப் போலீஸ்காரர் கிளம்பினார். மெக்கானிக் அடிப்பக்கம் முழுக்க டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பேட்டரியில ஒரு கீறல்கூட இல்லை டாக்டர். சுத்தமா இருக்கு. ஆனா இந்த மூடியை எதால ஒட்டினீங்க? உளி வச்சு உடைச்சுத்தான் எடுக்கணும்."

"உடைச்சுடுங்க," என்றார் டாக்டர் சந்தோஷமாக. "புது மூடி வர எத்தனை நாளாகும்?"

"நாளா? உள்ள ரெடியா இருக்கு டாக்டர். நேத்து சாயங்காலமே அம்மா வந்து, 'எங்க வீட்டுக்குப் போற ரோட்டுல இரும்புத் துண்டு மேல ஏத்தி மூடியை எங்கேயோ தொலைச்சுட்டேன், நாளைக்கு வண்டியை வீட்டுக்காரர் கையில கொடுத்துடறேன், அவர்தான் இடிச்சார்னு எழுதிக்கோங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்களே!"