கொள்ளிடக் கரை ராஜ உபசாரம்

இனி என் உடம்பு என் இஷ்டம் என்று முடிவு கட்டினேன். எழுபத்தெட்டு வயதில், பாலக்கரை வீட்டில், உப்பில்லாத கஞ்சியை முறைத்துக்கொண்டு.

டாக்டர் எனக்கு பிரஷர் என்று சொன்ன நாளிலிருந்து என் மனைவி லூர்துராணி வீட்டை ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டாள். விடிந்தால் நடை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். கருவாட்டுக்கு வாசலோடு தடை.

"எனக்கு ஒண்ணும் இல்ல, லூர்து."

"எங்கப்பாவும் இதையேதான் சொன்னார். ஒரு நாள் விழுந்தார், எந்திரிக்கவே இல்ல."

அதற்கு மேல் வாதாட முடியுமா? ஓடிப்போகத் தீர்மானித்தேன்.

வழி காட்டியவர் அடுத்த வீட்டு காஜா மைதீன். "ஸ்ரீரங்கம் தாண்டி கொள்ளிடக் கரையில ஒரு இயற்கை வைத்திய நிலையம் இருக்கு சார். எண்ணெய் தேய்ப்பு, ஆவிக் குளியல்! பத்து நாள் ராஜ உபசாரம். திரும்பி வர மனசே வராது!"

"வைத்தியத்துக்குத்தானே? தாராளமா போயிட்டு வாங்க" என்றாள் லூர்து. பெட்டியும் அவளே அடுக்கினாள். பெட்டி ஏனோ லேசாக இருந்தது.

அங்கே வயிற்றில் களிமண் அப்பினார்கள். தலையை மட்டும் வெளியே விட்டு, மரப்பெட்டிக்குள் உட்கார வைத்து வேகவைத்தார்கள். இட்லிக்காவது வெந்ததும் விடுதலை உண்டு. சாப்பாடு கேட்டேன், அருகம்புல் சாறு வந்தது. எங்கள் வீட்டில் பெரிய வெள்ளி உபவாசம் வருஷத்துக்கு ஒன்று. அங்கே தினமும் பெரிய வெள்ளி, ஈஸ்டர் மட்டும் வரவேயில்லை.

மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை, ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறிவிட்டேன்.

"வந்துட்டீங்களா? வெந்நீர் தயாரா இருக்கு" என்றாள்.

மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். என் தலையில் அவள் கை. பிறகு அதே உப்பில்லாக் கஞ்சி. "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றபோது கண் கலங்கிவிட்டது. இவளை விட்டா ஓடினேன்?

அன்றுமுதல் அவள் சொன்னபடி நடந்தேன், குளித்தேன். பிரஷர் இறங்கியதாக டாக்டர் மெச்சினார். சந்தோஷத்தில் காஜா மைதீனிடம் கேட்டேன்: "அந்த இடத்தில் நீங்க எப்படி பாய் தாக்குப் பிடிச்சீங்க?"

"நானா? அந்தப் பக்கமே போனதில்ல சார். அக்கா சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். "லூர்து! எல்லாம் தெரிஞ்சுபோச்சு."

"நல்லது. துண்டைக் கட்டிட்டு உட்காருங்க, எண்ணெய் ஆறுது."

உட்கார்ந்தேன். எனக்காக இவ்வளவு யோசித்தவளிடம் என்ன கோபம்? ஆனாலும் ஒன்று உறுத்தியது.

"பத்து நாளுக்குப் போறவனுக்கு ஏன் ரெண்டே சட்டை வெச்சே?"

"ஒண்ணே போதும்னு நினைச்சேன். போனாப் போகுதுன்னுதான் இன்னொண்ணு வெச்சேன்."